பங்குக் கிணத்தடிப் புத்தி

பிள்ளை, முதல்லை அந்தக் கிணத்துக்கட்டாலை இறங்கு. சிக்னல் வருதோ இல்லையோ, அந்தக் கட்டுக்கு என்னிலும் வயசு கூட. கல்லொண்டு பேந்துதெண்டால் நீயும் போனும் ஒண்டாய் உள்ளுக்கை. போனுக்கு வொறன்ரி இருக்கும். உனக்கு ஆர் தாறது? கொம்மா முல்லைத்தீவிலை இருந்து கோல் எடுத்து, "அப்பு, பிள்ளை எங்கை?" எண்டு கேட்டால், "கிணத்துக்கை ஒன்லைனிலை நிக்கிறாள்" எண்டோ நான் சொல்லுறது?

வா, இந்தக் கதிரையிலை இரு. தேத்தண்ணி ஆறுது. இந்தா, பனங்கட்டி.

நாளைக்கு உன்ரை பாடத்தைப் பாக்க விரிவுரையாளர் வாறாரெண்டு நாலு நாளாய் நித்திரை முழிச்சு நாப்பது சிலைட் செய்து வைச்சிருக்கிறாய். நேற்றுக் காட்டினாய், பாத்தனான். தாமரை விரியுது, வண்ணத்துப்பூச்சி பறக்குது, தலைப்பு மூண்டு தரம் கரணமடிச்சு வந்து நிக்குது. நல்ல வடிவு. திருவிழாச் சிகரம் தோத்துப்போம். பாடம் என்னெண்டு மட்டும் எனக்குப் பிடிபடேல்லை. "தண்ணி, அப்பு" எண்டு நீ சொன்னாப் பிறகுதான் விளங்கினது. நாலாம் வகுப்புப் பிள்ளையளுக்குத் தண்ணியைப் பற்றிப் படிப்பிக்கிறதுக்குக் கிணத்துக்கட்டிலை ஏறி நிண்டு, கிணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணிப் படம் தேடுற ரீச்சரை இந்த எழுபத்தெட்டு வயசிலை இப்பதான் காணுறன்.

கோவியாதை. நான் எட்டாம் வகுப்போடை மண்வெட்டி பிடிச்சவன். ஆனால் ஊருக்கு ஊர் ஒரு விளைச்சல் இருக்குக் கண்டியோ. நீர்வேலிக்கு வாழை, கோப்பாய்க்கு வாத்தியார். ஆசிரிய கலாசாலையும் இஞ்சைதான், தேசிய கல்வியியற் கல்லூரியும் இஞ்சைதான். வெங்காயம் அழுகிப் பாத்திருக்கிறன், மிளகாய் சுருண்டு பாத்திருக்கிறன். வாத்திமார் மட்டும் வருஷா வருஷம் முளைச்சு வந்துகொண்டே இருக்கினம். உங்களிலை எத்தினை பேர் இந்தப் படலையாலை வந்து, இந்த வீட்டிலை இருந்து படிச்சு, இந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சுப் போயிருக்கினம் எண்டு எனக்கே கணக்கில்லை. அந்த உரிமையிலை சொல்லுறன், கேள்.

துலா கண்டிருக்கிறியோ? எங்கை காணுறது! ரெண்டு ஆடுகால் நட்டு, அதுக்கு மேலை நீட்டுக்கு ஒரு மரம். மரத்துக்கு மேலை ரெண்டு பெடியள் ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பாங்கள். அதுக்குத் துலா மிதிக்கிறது எண்டு பேர். கீழை ஒராள் துலாக்கொடியைப் பிடிச்சுப் பட்டையாலை இறைப்பான். அங்காலை தோட்டத்திலை ஒராள் மண்வெட்டியோடை நிண்டு தண்ணி மாறுவான். இப்ப நீ சொல்லு பாப்பம், இதிலை ஆர் பெரியாள்?

றோட்டாலை போற சனம் முழுக்க அண்ணாந்து பாக்கிறது மேலை நடக்கிறவனைத்தான். அவனுக்கும் அது தெரியும். பெட்டையள் போனால் எப்பன் நெஞ்சை நிமித்தித்தான் நடப்பான். நானும் நடந்தனான், பொய்யென்ன. ஆனால் பயிர் தப்புறது மண்வெட்டிக்காரன்ரை கையிலை. எந்தப் பாத்தி நிரம்பினது, எந்தப் பாத்தி குடிக்காமல் கிடக்கு, எங்கை வரம்பு உடைஞ்சு தண்ணி பக்கத்துக் காணிக்குப் போகுது எண்டு பாக்கிறவன் அவன். அவன் நித்திரை தூங்கினால், மேலை நிக்கிறவன் விடிய விடிய நடந்தாலும் ஒரு பாத்தி வெள்ளத்திலை அழுகும், மற்றப் பாத்தி வெய்யிலிலை கருகும்.

சிலைட், வீடியோ, ஸ்மாட் போட் எல்லாம் துலா மிதிக்கிற ஆக்கள். நீ மண்வெட்டிக்காரி. உனக்கு முன்னாலை முப்பத்தஞ்சு பாத்தி. நாப்பது சிலைட்டை நாப்பது நிமிஷத்திலை ஓட்ட வேணுமெண்டால் ஒரு சிலைட்டுக்கு ஒரு நிமிஷம். பாத்தியைத் திரும்பிப் பாக்க எப்ப நேரம்? யன்னலைச் சாத்தி, லைற்றை நூத்து, புறொஜெக்ரரைப் போட்டால் பின்வாங்கிலை இருக்கிற பெடியன் நித்திரையோ முழிப்போ எண்டுகூட உனக்குத் தெரியாது. விரிவுரையாளருக்கும் அந்த இருட்டு நல்ல வசதி. அவரும் மனிசன்தானே.

"அப்ப போனை எறியட்டோ அப்பு?" எண்டு முறைக்கிறாய். எறியாதை, உன்ரை ரெண்டு மாசச் சம்பளமெல்லே. அந்தப் போனை மண்வெட்டியாக்கு எண்டுதான் சொல்லுறன். போன வருஷம் இஞ்சை இருந்து படிச்ச பெடியன் ஒருத்தன் ஒரு வித்தை காட்டினவன். பிளிக்கர்ஸ் எண்டு பேராம். பிள்ளையளுக்கு ஒரு போனும் தேவையில்லை. ஆளுக்கொரு கடதாசி மட்டை. கறுப்புக் கட்டம் கட்டமாய் ஒரு கோலம். விடை ஒண்டெண்டால் மட்டையை ஒரு பக்கமாய்ப் பிடிக்கிறது, ரெண்டெண்டால் மற்றப் பக்கமாய்த் திருப்பிறது. வாத்தியார் தன்ரை ஒரு போனாலை வகுப்பை ஒருக்கா சுத்திப் பாத்தால் ஆர் சரி, ஆர் பிழை எண்டு விழுந்திடும். பக்கத்திலை இருக்கிறவனுக்குத் தெரியாது, வெக்கமில்லை, எட்டிப் பாத்துக் களவெடுக்கவும் ஏலாது. எந்தப் பாத்தி காயுதெண்டு ஒரு நிமிஷத்திலை தெரியுது. இல்லாட்டில் பின்னேரம் அஞ்சு கொப்பியைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, எல்லாரும் ஒரே இடத்திலை ஏன் தடக்கினம் எண்டு ஆறுதலாய் யோசி. வண்ணத்துப்பூச்சி பறக்காது, பறுவாயில்லை.

அந்தச் சற்ஜிபிரியிட்டை நீ பாடக்குறிப்பு எழுதுவிச்ச கதையும் எனக்குத் தெரியும். வாசிச்சுக் காட்டேக்கை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். "மாணவர்களை அருகிலுள்ள ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லவும்." அட பாவி! யாழ்ப்பாணத்திலை ஆறெங்கை கிடக்கு? எங்களுக்கெண்டு இருக்கிறது ஒரு வழுக்கையாறு. அதுவும் மாரி மழைக்கு மட்டும் எட்டிப் பாத்திட்டுப் போற மாப்பிள்ளை. இந்தப் பங்குனி வெய்யிலிலை பிள்ளையளை ஆத்தங்கரை தேடிக் கூட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கூடம் திரும்பிறது எந்த மாசம்? அது கெட்டித்தனமான மெசின்தான். ஆனால் கோப்பாய்க்கு ஒருநாளும் வந்ததில்லை. ஊர் தெரியாதவன் வழி சொன்னால் கேட்டு வைச்சுக்கொள், ஆனால் ஊர்க்காரனிட்டை ஒருக்கா விசாரிச்சிட்டு நட.

இன்னொரு பள்ளிக்கூடம், பேர் சொல்ல மாட்டன், வேலியிலை ஓணான் ஓடினாலும் அங்கை கதை போயிடும். வெளிநாட்டிலை இருக்கிற பழைய மாணவர்மார் காசு சேர்த்து ஒரு ஸ்மாட் போட் குடுத்தவை. நாடா வெட்டி, தேங்காய் உடைச்சு, படம் எடுத்து அனுப்பியாச்சு. பேந்து அதுக்குப் பட்டுத்துணி மாதிரி ஒரு சீலை போட்டு அறையைப் பூட்டித் திறப்பை அதிபர் வைச்சிருக்கிறார். பழுதாப் போடுமாம். வருஷத்திலை ஒருக்கா மேலிடத்து ஆக்கள் வரேக்கை சீலை நீக்கி ஒரு தரிசனம். கற்பூரம் காட்டாததுதான் குறை. ஒரு சாமான் பழுதாகிறதெண்டால் பிள்ளையளின்ரை கையாலை பழுதாகட்டும். தூசியாலை பழுதானால் ஆருக்குப் புண்ணியம்?

நான் புதுசுக்கு எதிரி இல்லைப் பிள்ளை. ஆறுமுக நாவலரை யோசிச்சுப் பார். 1848 இலை வண்ணார்பண்ணையிலை சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே சதாசிவம்பிள்ளை எண்டவரோடை கடல் தாண்டிச் சென்னைப் பட்டணம் போய் அச்சுயந்திரம் வாங்கிக்கொண்டு வந்தார். அண்டைக்கு அச்சுயந்திரம்தான் இண்டைக்கு உன்ரை கொம்பியூட்டர். மிசனறிமாரின்ரை கையிலை இருந்த அதே ஆயுதம். ஆனால் ஒழுங்கைக் கவனி: முதல்லை பள்ளிக்கூடம், பேந்து மெசின். பிள்ளையளுக்குப் படிக்கப் புத்தகம் இல்லையெண்ட குறை கண்டுதான் பாலபாடம் அச்சாச்சு. நாங்கள் மெசினை வாங்கிப் போட்டு, இதாலை என்ன குறையைத் தீர்க்கலாம் எண்டு குறை தேடிக்கொண்டு திரியிறம்.

வெள்ளைக்காரன்கூட எங்கடை மண்ணிலை படிச்சவன்தான். அன்ட்ரூ பெல் எண்டு ஒரு ஸ்கொட்லாந்துக்காரன். சென்னையிலை அநாதைப் பெடியளின்ரை பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவன். ஊர்ப் பிள்ளையள் மணலைப் பரப்பி விரலாலை எழுதிறதைக் கண்டான். வளர்ந்த பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற வழியையும் தன்ரை பள்ளிக்கூடத்திலை நடத்திப் பாத்தான். 1797 இலை லண்டனிலை அதைப் புத்தகமாய்ப் போட, "மெட்ராஸ் முறை" எண்டு இங்கிலாந்து முழுக்கப் பரவிச்சுது. ஒரு சுளகு மணலும் ஒரு சட்டாம்பிள்ளையும்! சார்ஜ் போடத் தேவையில்லை, பிழைச்சால் கையாலை தடவி விட்டால் அழிஞ்சிடும்.

சார்ஜ் எண்டதும்தான் ஞாபகம். 1990 க்குப் பிறகு சண்டைக் காலத்திலை கன வருஷம் இஞ்சை கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்கை பஞ்சைப் போட்டு, எப்பன் எண்ணெய் விட்டு, திரி போட்டு ஒரு விளக்குச் செய்தம். அந்த வெளிச்சத்திலை படிச்ச பெடியள் டொக்ரராயும் எஞ்சினியராயும் போனவங்கள். பாட்டுக் கேக்கச் சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டிப் பெடலைச் சுத்தி டைனமோவாலை றேடியோ போட்டம். அதுதான் எங்கடை தொழில்நுட்பம். குறையைப் பாத்துச் செய்தது, அதாலை ஒருத்தரும் சீலை போட்டு மூடேல்லை.

பிறகு கொரோனா. 2020 பங்குனியிலை பள்ளிக்கூடத்தைப் பூட்டினவுடனை எல்லாரும் சூமுக்கை போயிற்றினம். அரசாங்கமும் குருகெதர எண்டு ரிவியிலை பாடம் நடத்தினது. ஈ-தக்சலாவ எண்ட இணையத்தளத்திலை பாடங்களைப் போட்டு வைச்சது. எங்கடை ஒழுங்கையிலை ஒரு வீட்டிலை மூண்டு பிள்ளையள், ஒரு போன். அதுவும் தேப்பன் கூலிக்குப் போயிட்டுப் பின்னேரம் வந்தால்தான் போனும் வரும். பதுளைப் பக்கம் போகிற்றியாவையிலை பிள்ளையளும் ரீச்சரும் சிக்னலுக்குக் காட்டுக்குள்ளாலை மலைப்பாறைக்கு ஏறினதை உலகமெல்லாம் படம் பிடிச்சுப் போட்டது. எங்களுக்கு ஏற மலையும் இல்லை, கிணத்துக்கட்டுத்தான்! வாத்திமார் தங்கடை போன், தங்கடை டேற்றாவிலைதான் படிப்பிச்சவை. இருபத்துநாலு வருஷச் சம்பள முரண்பாட்டைத் தீர் எண்டு 2021 ஆடி 12 இலை இருந்து சங்கங்கள் ஒன்லைன் வகுப்பை நிப்பாட்டினாப் பிறகுதான், உந்த ஒன்லைனுக்குப் பின்னாலை மனிசர் இருக்கினம் எண்டது கன பேருக்கு உறைச்சது.

அந்த நாளிலையும் ஒரு ரீச்சர், எங்கடை பக்கத்தவதான், சூம் பக்கம் போகேல்லை. ரெண்டு நிமிஷம் குரல்பதிவு ஒண்டு அனுப்புவா, அது பழைய போனிலையும் இறங்கும். சந்திக் கடையிலை கேள்வித்தாள் கட்டை வைப்பா. சனம் பாண் வாங்க வரேக்கை எடுத்துக்கொண்டு போகும், திங்கட்கிழமை எழுதினதைத் திருப்பி வைக்கும். ஒருத்தரும் அவவைப் படம் பிடிச்சுப் போடேல்லை. ஆனால் அவவின்ரை பாத்தி ஒண்டும் காயேல்லை.

சரி, இனித்தான் முக்கியமான கதை. தேத்தண்ணி இன்னும் ஊத்தட்டோ?

துலாக் காலம் போய் இறைக்கிற மெசின் வந்தது. நாலு பேர் செய்த வேலையை ஒராள் கயித்தை இழுத்து ஸ்ராட் பண்ணிச் செய்யலாம் எண்டாச்சு. சந்தோசம்தானே? அவனவன் தன்பாட்டிலை இறைச்சான். ராவிலையும் இறைச்சான். எங்கடை நிலத்துக்குக் கீழை சுண்ணக்கல்லு. மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலை மெல்லிசாய் மிதக்குது. நிலாவரைக் கிணத்திலை பார், மேலை நல்ல தண்ணி, ஆழப் போகப் போக உப்பு. அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழை கிடந்தது மேலை வரும். கனபேரின்ரை கிணறு அப்பிடித்தான் உவராப் போச்சு. மெசின் பிழை செய்யேல்லை. மெசின் வந்தவுடனை பக்கத்துத் தோட்டக்காரனோடை கதைக்கிறதை விட்டதுதான் பிழை.

பெரு எண்ட நாட்டிலை பள்ளிப் பிள்ளையளுக்கு லட்சக்கணக்கிலை மடிக்கணினி குடுத்தவங்களாம். 319 கிராமப் பள்ளிக்கூடங்களிலை ஆராய்ஞ்சு 2012 இலை முடிவு சொன்னாங்கள்: கணக்கிலையும் மொழியிலையும் ஒரு முன்னேற்றமும் தெரியேல்லை. கனடாவிலை இருக்கிற என்ரை பேரன் வாசிச்சுச் சொன்னவன். பெட்டியைக் குடுத்தவை, அதை வைச்சு என்னெண்டு படிப்பிக்கிறதெண்டு வாத்திமாருக்குப் போதுமான அளவு சொல்லிக் குடுக்கேல்லையாம். மெசின் வாங்கிக் குடுத்து, மண்வெட்டிக்காரனை மறந்த கதை.

உங்கடை ஆக்களும் தன்பாட்டிலை இறைச்ச அந்தத் தோட்டக்காரர் மாதிரித்தான். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சிலைட். இந்தப் பள்ளிக்கூடத்திலை நீ நாலு நாள் நித்திரை முழிக்கிறாய். அரைக்கட்டை தள்ளி மற்றப் பள்ளிக்கூடத்திலை இன்னொரு பிள்ளை அதே தண்ணிப் பாடத்துக்கு நாலு நாள் முழிக்குது. சிலர் தங்கடை குறிப்பை நகைப்பெட்டி மாதிரி ஒளிச்சு வைப்பினம். பின்னேர ரியூசனுக்கு வேணுமெல்லே. வட்சப் குறூப் ஒண்டு வைச்சிருக்கிறியள். அதுக்கை விடிய ரோசாப்பூவோடை காலை வணக்கம், மத்தியானம் ஆரோ செத்த செய்தி, பின்னேரம் வலயத்தின்ரை சுற்றறிக்கை, அதுக்குக் கீழை நாப்பது கும்பிட்ட கை. நடுவிலை ஆரோ ஒரு நல்ல வினாத்தாள் போட்டிருப்பார். அதைத் தேடிறதெண்டால் வெங்காயக் குவியலுக்கை மோதிரம் தேடின மாதிரி.

தேடி எடுத்தாலும் திறந்தால் என்ன? பாமினி! ஒராள் பாமினி எழுத்திலை அடிச்சதை, அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரிலை மற்றவர் திறக்க, தமிழெல்லாம் இங்கிலீசு எழுத்தாய்க் குறியும் புள்ளியுமாய்ப் பேய் பிடிச்ச மாதிரி வரும். பேந்து முழுக்கத் திருப்பி அடிக்கிறது. யூனிக்கோட்டிலை தமிழ் 1991 இலையே வந்திட்டுது. அப்ப நீ பிறக்கவுமில்லை. இன்னும் ஏன் பாமினியோடை குடித்தனம்?

யூரியூப்பிலை எல்லாம் இருக்கு எண்டு சொல்லாதை. தமிழிலை இருக்கிறதிலை கனக்க இந்தியாவிலை இருந்து வாறது. நல்ல வாத்திமார்தான், குறை சொல்லேல்லை. ஆனால் அவை இயற்பியல் எண்டினம், எங்கடை புத்தகம் பௌதிகவியல் எண்டுது. அவைக்கு வேதியியல், எங்களுக்கு இரசாயனவியல். அவைக்கு ஆக்சிஜன், எங்களுக்கு ஒட்சிசன். பிள்ளை ரெண்டு வாயுவும் வேறை வேறை எண்டு நினைச்சுப் பாடமாக்குது! எங்கடை பாடத்திட்டத்துக்கு, எங்கடை சொல்லிலை, எங்கடை வாத்திமார்தான் செய்ய வேணும். ஒராளாலை ஏலாது. நூறு பேர் ஆளுக்கொரு பாடம் செய்தால் ஒரு தவணை முடிஞ்சிடும்.

ஏலுமோ எண்டு கேக்கிறாய். 1981 இலை யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் சாம்பலாப் போச்சு. 2005 இலை சில பெடியள் சேர்ந்து நூலகம் எண்ட பேரிலை இணையத்திலை ஒரு நூலகத்தைத் தொடங்கி, கையிலை கிடைச்ச ஈழத்துப் புத்தகத்தையும் பேப்பரையும் ஒவ்வொண்டாய்ப் படியெடுத்து ஏத்தினாங்கள். ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய். இண்டைக்குப் பழைய பள்ளிக்கூட மலர்கூட அதிலை கிடக்கு, ஒருசதம் குடுக்காமல் வாசிக்கலாம். எரிக்கேலாத நூலகம். பங்கு போட்டுச் செய்யிறதெண்டால் இதுதான்.

இந்தக் கிணறும் பங்குக் கிணறு பிள்ளை. நாலு குடும்பத்துக்குச் சொந்தம். உறுதியிலை எழுதியிருக்கு. உங்களுக்கும் ஒரு பங்குக் கிணறு வெட்டுங்கோ. ஒரு பொதுக் கோப்புறை. வகுப்பு, பாடம், அலகு எண்டு வாய்க்கால் பிரிச்சு வையுங்கோ. "புதிசு கடைசி ரெண்டு" எண்டு கோப்புக்குப் பேர் வைக்கிறவனுக்கு அண்டைக்குத் தேத்தண்ணிக் காசு தண்டம். எழுத்து யூனிக்கோட். பாரம் குறைஞ்ச கோப்பு, ராவு டேற்றாவிலை இறக்கிப் பென்ரைவிலை கொண்டு போகலாம். சிக்னல் இல்லாட்டிலும் பாடம் நடக்கும். 2022 இலை ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் நிண்டதும், கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலை தவணைப் பரீட்சையைத் தள்ளி வைச்சதும் மறந்துபோச்சோ? ரெண்டு காலிலையும் நிக்கப் பழகுங்கோ. பிள்ளையளின்ரை படமும் புள்ளியும் குறூப்பிலை போடாதையுங்கோ. கிணறு பொது எண்டாப்போலை பிள்ளையளும் பொதுச் சொத்தில்லை. ரோசாப்பூவுக்கு வேறை குறூப் வையுங்கோ. என்னையும் அதிலை சேர்.

எல்லாத்திலையும் பெரிசு இது. ஒவ்வொரு பாடத்துக்கும் கீழை ரெண்டு வரி எழுது: எங்கை பிள்ளையள் தடக்கினவை, எது பிழைச்சது. வெற்றியை எல்லாரும் படம் பிடிச்சுப் போடுவினம். பிழையைச் சொல்லுறவன்தான் அடுத்தவனுக்கு உதவி. எந்த இடத்திலை வரம்பு உடையும் எண்டு முன்னுக்கு இறைச்சவன் சொல்லிப்போட்டுப் போனால், பின்னுக்கு வாறவன் ஒரு மண்வெட்டி மண் கூடப் போட்டு வைப்பான்.

நாளைப் பாடத்துக்கு இப்ப என்ன செய்யிறதோ? அந்த நாப்பதிலை முப்பத்தாறை அழி. தாமரை நிக்கட்டும், பாவம். இப்ப அந்தப் போனைத் திருப்பி இந்தக் கிணத்தைப் பிடி. வாய்க்காலைப் பிடி. நான் மண்வெட்டியோடை தண்ணி மாறுறன், ரெண்டு நிமிஷம் அதைப் பிடி. துலா எப்பிடி இருந்ததெண்டு நான் சொல்லுறன். கண்டவை செத்துக்கொண்டு வருகினம், நானும் வரிசையிலை நிக்கிறன். ரவுணிலை குழாய்த் தண்ணி மட்டும் கண்ட பிள்ளையளுக்கும் அதை அனுப்பு, அந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒரு நாள் நித்திரை கொள்ளட்டும். சட்டை மாத்திக்கொண்டு வாறன், பொறு. நெஞ்சு நிமித்தத்தான் செய்வன், பிறகு சிரிக்கக்கூடாது.

உங்கடை கலாசாலையிலை கற்பித்தல் முறை எண்டு தடிச்ச புத்தகம் வைச்சுப் படிப்பிக்கினம். கிணத்தடியிலை எங்களுக்கு முறை எண்டால் ஒண்டுதான்: உனக்கு முன்னுக்கு ஒராள் இறைச்சிட்டுப் போறான், உனக்குப் பின்னுக்கு ஒராள் காத்துக்கொண்டு நிக்கிறான். வாய்க்காலைத் துப்புரவாக்கிக் குடுத்திட்டுப் போ.

எழும்பு. நாளைக்கு உன்ரை முறை.